தகடு பார்த்த திசை

ஆன்டெனா தகடு அசையாது. அப்பளம் காயப்போடும் பலகை அளவுதான் இருக்கும். உள்ளே பதித்த ஆயிரக்கணக்கான நுண்கட்டங்கள் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாய் வளைத்து, வானத்தில் ஓடும் செயற்கைக்கோளை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த அலை இப்போது வானத்தை விட்டுவிட்டுக் கொள்ளிடம் பக்கம் படுத்துக் கிடந்தது.

வடக்குச் சித்திரை வீதி மொட்டைமாடியில், நாலு மணி வெயில் மண்டையைப் பிளக்க, மைத்ரேயி லேப்டாப் திரையைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஸ்ரீரங்கத்தில் எந்த மாடியில் நின்றாலும் கோபுரம் மறைக்கும். அதனால் 'இதற்குக் கீழே பார்க்காதே' என்று தகட்டுக்கு ஒரு வரம்பு போட்டுவிடுவார்கள். சிக்னல் இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டுமே என்று நேற்று சாயங்காலம் அதை எடுத்தவள், திரும்பப் போட மறந்தே போனாள். இத்தனை படித்தும் என்ன புத்தியோ!

தகடு ஏதோ ஒன்றைப் பிடித்திருப்பதாகத் திரை காட்டியது. அதன் தொலைவு, 900 மீட்டர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 860.

கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள். ஆற்று மணல் வெள்ளையாய்க் கொதித்தது, ஆள் நடமாட்டமே இல்லை. ஆனால் அங்கிருந்து வந்த காற்றில், வருஷக்கணக்காய்ப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் அடிக்குமே, அந்த வாடை.

பச்சைமலையில் இன்னொரு தகட்டைச் சோதிக்கப் போயிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"கேஷவ், உங்க தகடு ஆன்ல இருக்கா?"

"பொட்டியையே இன்னும் பிரிக்கலடி. ஏன்?"

சொன்னாள்.

"மைத்ரேயி, அது பார்க்கற இடத்துக்கெல்லாம் பதிலும் அனுப்புமே. நேத்துலேர்ந்து எதையோ விடாம கூப்பிட்டிண்டிருக்கு. முதல்ல ஒயரைப் பிடுங்கு. மாதுரி எங்கே?"

"கீழே கூடத்துல தூங்கறா."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. பால்காரர் வருவாரே என்று வாசல் கதவைத் தாழ் போடாமல் வந்திருந்தாள்.

ஒயரைப் பிடுங்கினாள். தகட்டின் பச்சை விளக்கு அணைந்தது. திரையில் எண் மட்டும் நிற்கவில்லை.

210. 90. வீதியில் நாய்கள் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

40.

12. அலை இப்போது கீழ்நோக்கிக் காட்டியது. அவள் கால்களுக்குக் கீழே. வீட்டுக்குள்ளே.

"பெருமாளே, என் குழந்தை!"

ஓடினாள். படியில் கால் இடறியது. முட்டி பெயர்ந்தது. எழுந்தாள். கூடத்தில் அந்த வாடை. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. பாய் காலி.

மாதுரி கூடத்து நடுவில் நின்றாள். ஐந்து வயசுக் கை தலைக்கு மேலே நீண்டிருந்தது. எதையோ பிடித்திருந்தது. அங்கே எதுவும் இல்லை. விரல்கள் மட்டும் நசுங்கி வெளுத்திருந்தன.

"மாதுரி, கையை விடுடி. அம்மாகிட்ட வா."

குழந்தை தூக்கக் கலக்கத்தோடு சிரித்தது.

"இந்த மாமா ரொம்ப உசரம்மா."

அதன் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. பிறகு கால்விரல் நுனிகளும்.