வாயில் வைத்த காசு

நாய் பிணத்தைப் பார்க்கவில்லை.

புருவத்தில் இரட்டைப் புள்ளி உள்ள நாய் இறந்தவரின் முகத்தைப் பார்த்தால்தான் பாக்திரா நகரில் பிணம் வாசல் தாண்டும். லைசானியஸின் தலைமாட்டில் நிறுத்திய நாயோ, சுவரோரம் நின்ற அவர் மகன் வக்ஷுதாத்தையே வெறித்தது.

"உன்னைத்தான் பிடிச்சிருக்கு போல," என்றார் மாமா. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

லைசானியஸ் கிரேக்கர், நாணயச் சாலையில் அச்சு வெட்டியவர். உடலை மனைவியின் வழக்கப்படி நாய்க்கும் பறவைக்கும் போடச் சம்மதித்தவர், ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: தான் வெட்டிய அச்சில் அடித்த பொற்காசு நாக்கின் கீழ் வேண்டும். ஒரு பக்கம் வில்லேந்திய பாரசீக மன்னன், மறுபக்கம் இடியை ஓங்கிய கிரேக்கக் கடவுள். காசில்லாதவனைச் செத்தோர் ஆற்றின் மறுகரைக்கு ஓடக்காரன் ஏற்ற மாட்டானாம்.

"வச்சியாப்பா?" என்று காலையில் அம்மா கேட்டாள்.

"வச்சேம்மா."

அவள் அவன் கன்னத்தைத் தடவினாள். வைத்தது, அச்சைச் சோதிக்க அடித்த ஈயக் காசு. பொன் அவன் இடுப்புக் கச்சையில் இருந்தது. சந்தையில் ஒரு குதிரை மேல் அவனுக்குக் கண். செத்த வாய்க்குத் தங்கம் எதற்கு என்று நினைத்தவனுக்கு, அம்மா தொட்ட கன்னம் இன்னும் கூசியது.

வேறு நாய் கொண்டுவர மற்ற எல்லோரும் போனார்கள். முதல் நாய் அசையாமல் கிடந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்டுக்கொழுப்பு விளக்கின் புகையும் ஈரமண் சுவரின் வாடையும் தொண்டையில் படிய, துணியால் கட்டிய அப்பாவின் தாடைக்குள் ஈயம் பல்லில் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

மறுபடியும்.

திருப்பி வைத்துவிடலாம். கச்சையை அவிழ்த்தான். பொற்காசை எடுத்தான். தாடைத் துணியைத் தளர்த்தி விரலை உள்ளே விட்டான். குளிர்ந்த நாக்கு. அதன் கீழ் ஒன்றுமில்லை.

தன் நாக்கின் கீழ் ஏதோ கனத்தது. ஈயத்தின் சுவை. துப்பப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. தாடையை இறுக்கித் துணி. முதுகின் கீழே பலகை.

கதவு திறந்தது. புது நாய் நேரே வந்தது. அவன் முகத்தைப் பார்த்தது.

"பாத்துடுச்சு," என்றாள் அம்மா, அழுதபடி. "தூக்குங்க."

சுவரோரம், அவன் நின்ற இடத்தில், அவனுடைய கச்சையைக் கட்டிக்கொண்டு அப்பா நின்றார். அவனைப் பார்க்க வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.