உடல் சூட்டில் இறுகிய வளையங்கள்

“தட்டுறான்! கேளு செண்பகம், தட்டுறான்! உசுரோடதான் இருக்கான்!”

பாறையில் காதை ஒட்டிக்கொண்டு சிக்கந்தர் கத்தினான். செண்பகவல்லி தவழ்ந்து வந்து தன் காதையும் வைத்தாள். ஆமாம், கல்லைக் கல்லால் தட்டும் சத்தம்! டொக்... டொக்... பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரே ஒரு டொக். தட்டுவது அவளுடைய அண்ணன் பூவலிங்கம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே ஆள்.

பழனி மலையின் உச்சிப் பக்கம், மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு சரிவில் கூகைப்பாழி என்ற குகை இருக்கிறது. போரில் தோற்று ஓடிய பாளையக்காரர் ஒருவர் தன் செப்புக் குடங்களை அதற்குள் ஒளித்துவைத்தார் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதைத் தேடித்தான் பூவலிங்கமும் அவன் சிநேகிதன் சிக்கந்தரும் முறைப்படி அனுமதி வாங்கி இறங்கினார்கள். முந்தின நாள் மதியம் பூவலிங்கம் உள்ளறைக்குள் நுழைந்ததுதான் தாமதம், பின்னாலேயே பாறை சரிந்து வழியை அடைத்துவிட்டது. சிக்கந்தர் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். சரியாகச் சொன்னால், தப்பித்துக்கொண்டான். அதுதான் அவனை அரித்தது.

தீயணைப்புப் படை கிளம்பிவிட்டது. ஆனால் மழையில் மலைச்சாலை சரிந்து கிடந்தது. பாறையை நகர்த்தும் கருவிகளோடு அவர்கள் வந்து சேர மறுநாள் ஆகும். உள்ளறையோ சின்னது. அதற்கு வேறு வாசல் கிடையாது. அடைபட்ட காற்று அதுவரை போதாது. பாறைக்கு நடுவே இரண்டு விரல் நுழைகிற ஒரு விரிசல் மட்டும் உள்ளே போனது. அதில் ரப்பர் குழாயைச் செருகிப் பார்த்தார்கள். அது பாதி வழியில் மடங்கிக்கொண்டு மேலே போக மறுத்தது.

“விறைப்பான கொழாய் வேணும். நீளமா, நேரா இருக்கணும். அதோட கனம் கூடக்கூடாது” என்று சிக்கந்தர் போனில் சொன்னபோது, கோவில்பட்டியில் செண்பகம் ஏற்கனவே பெட்டியை எடுத்துவிட்டிருந்தாள். அவள் கையில் அதற்கான சாமான் இருந்தது!

அவள் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தாள். அங்கே அவள் கண்டுபிடித்துச் செய்துவந்தது ஒருவகை உலோக வளையம். குளிரில் அதை இழுத்து விரித்துவிடலாம். சூடு பட்டால் போதும், தன் பழைய அளவு ஞாபகத்துக்கு வந்ததுபோல் சுருங்கி, உள்ளே இருப்பதைக் கவ்விக்கொள்ளும். ஒருமுறை கவ்வினால் பிறகு குளிர்ந்தாலும் விடாது. மரையும் பசையும் பற்றவைப்பும் இல்லாமல் இரண்டு குழாய்களைக் காற்றுக் கசியாமல் இணைத்துவிடலாம். இணைப்பும் தோல்போல மெல்லியது. விரிசலுக்குள் தடையில்லாமல் போகும்.

குகையின் வளைவுகளில் நீளக் குழாய் திரும்பாது என்பதால் அலுமினியக் குழாயை இரண்டிரண்டு அடித் துண்டுகளாக அறுத்துக்கொண்டாள். வளையங்களைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிக்கு நடுவே புதைத்தாள். வழியெல்லாம் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்டாள். வெயில் பட்டால் வளையங்கள் பெட்டிக்குள்ளேயே சுருங்கிவிடுமே! சாலை சரிந்த இடத்தில் சிக்கந்தரோடு காத்திருந்த வனக்காவலர் வெள்ளைக்கண்ணு பெட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டார். மூவரும் ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள். குகைக்குள் வயிறு தேயத் தவழ்ந்தார்கள். நனைந்த பாறையில் முழங்கால் தோல் உரிந்தது. ஒருவழியாக, விரிசலுக்கு முன்னால் இருந்த நீண்ட கூடத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

“ரெண்டு பேரும் தள்ளி உக்காருங்க” என்றாள் செண்பகம். “பத்து எண்ணுறதுக்குள்ள இறுகிரும் பாருங்க.”

வளையத்தை எடுத்து முதல் குழாயின் முனையில் பாதி செருகினாள். மறு பாதியில் அடுத்த குழாயைச் செருகினாள். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். வளையம் லொடலொடவென்று ஆடியது.

இன்னொன்றை எடுத்தாள். அதுவும் ஆடியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குகைச் சுவரில் கையை வைத்தாள். விரல் விறைத்தது. மூச்சு புகையாக வெளியே வந்தது. வளையம் இறுகுவதற்கான சூட்டைக் கணக்குப் போட்டபோது அவள் மனதில் இருந்தது கோவில்பட்டி. தகரக் கூரை போட்ட பட்டறை, சித்திரை வெயில், ஓயாமல் ஓடும் கடைசல் இயந்திரம். ஐஸை விட்டு எடுத்தாலே இறுகிவிடும் ஊர் அது. இங்கே பெட்டிக்கு உள்ளே என்ன குளிரோ, கிட்டத்தட்ட அதே குளிர்தான் வெளியிலும். இப்படியொரு தப்பை வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்களால்தான் செய்ய முடியும்!

“என்னாச்சு?” என்றான் சிக்கந்தர்.

“சூடு பத்தல” என்றாள். வளையத்தைக் கீழே வைத்தாள். “நான் ஒரு மடச்சி. சூடு பத்தவே பத்தாது.”

சிக்கந்தர் சட்டென்று லைட்டரை எடுத்தான்.

“வேண்டாம்!” வெள்ளைக்கண்ணு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “இங்கயே காத்து கெட்டுக் கெடக்கு தம்பி. அப்பவே மெழுகுவத்தி அணைஞ்சத நீயே பாத்தேல்ல? நெருப்பு வச்சா நாம மூணு பேரும் இங்கனயே படுத்துருவோம்.” பிறகு இடுப்பிலிருந்த பிளாஸ்கை அவிழ்த்தார். “இந்தா தாயி, வரக்காப்பி. இன்னும் சூடாத்தான் இருக்கு.”

செண்பகம் அதை வளையத்தின் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். வளையம் சிலிர்த்ததுபோல் ஒரு சின்ன அசைவு. இழுத்துப் பார்த்தாள். கப்பென்று பிடித்திருந்தது! ஒரு இணைப்பு முடிந்தது. காப்பியும் முடிந்தது. இன்னும் ஐந்து இருந்தன.

“மேல போயி வெந்நி வச்சு எடுத்தாரட்டா?” என்றார் வெள்ளைக்கண்ணு.

“போய்த் திரும்பப் பொழுது சாஞ்சிரும்ணே.”

பாறையின் அந்தப் பக்கம் டொக் என்றது. அடுத்த டொக்குக்காக மூவரும் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை.

செண்பகத்துக்கு அழக்கூட நேரமில்லை. கழுத்திலிருந்த துண்டால் ஒரு குழாயின் இணைப்பைத் துடைத்தாள். சட்டைக்குள் கையை விட்டு, அந்த இணைப்பை அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டாள். குளிர் எலும்பு வரை குத்தியது. பல்லைக் கடித்தாள்.

“என்ன செய்யுத?” என்றான் சிக்கந்தர்.

“நம்ம ஒடம்புச் சூட்டுக்கு இறுகும். கொஞ்ச நேரம் ஆகும், ஆனா இறுகும். ரெண்டு பக்கமும் கொழாய்ல துண்டச் சுத்திக்கோங்க, இல்லன்னா சூட்ட அது உறிஞ்சிரும். ஆளுக்கொண்ணு வைங்க!”

மூவரும் கூடத்தின் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நீண்டு கிடந்த குழாய் மூன்று பேரின் அக்குளுக்குள்ளும் புகுந்து போனது. வேறு சமயமாக இருந்தால் பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அங்கே யாரும் அசையவில்லை. வெள்ளைக்கண்ணுவின் உதடு மட்டும் குலசாமியைக் கூப்பிட்டபடி அசைந்தது.

“எனக்கு இறுகிருச்சு” என்றான் சிக்கந்தர்.

செண்பகம் திரும்பினாள். அதற்குள்ளா? அவளுடையது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கண்ணுவுடையதும் அப்படித்தான். அவள் எட்டி அவன் நெற்றியைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் கையை எடுத்துக்கொண்டாள். அடுப்புக் கல்லாகச் சுட்டது.

“அண்ணே, உங்களுக்குக் காய்ச்சல்! நேத்திலருந்தேவா?”

சிக்கந்தர் தலையைக் குனிந்துகொண்டான். “சொன்னா நீங்க என்னய உள்ள விட்டிருக்க மாட்டீங்க.”

“இப்பமே மேல ஏறுங்க. ஈரத்துல இப்பிடி உக்காந்தா நெஞ்சுல சளி கட்டிரும்.”

“எந்தச் சூட்டத் தேடி அழுத இப்ப? அது என் ஒடம்புல கெடக்கு” என்றான் அவன். முந்தின நாளிலிருந்து முதல்முறையாக அவன் குரல் நிதானமாக இருந்தது. “அவன விட்டுட்டு நான் மட்டும் வெளிய வந்தேன் செண்பகம். இன்னொரு தடவ அப்பிடி ஏற மாட்டேன். அடுத்தத எடு.”

அவள் என்ன செய்வாள்? உள்ளே அண்ணன். எதிரே அண்ணனைப்போல ஒருவன். ஒருவன் மூச்சுக்காக இன்னொருவன் நெஞ்சை ஈரத்தில் போடுவதா என்று மனம் பதறியது. அவன் பதிலுக்குக் காத்திராமல் பெட்டிக்குள் கையை விட்டு வளையத்தை எடுத்துவிட்டான்.

மிச்சமிருந்த இரண்டு இணைப்புகளையும் அவனே ஒன்றன்பின் ஒன்றாக அக்குளில் வைத்துக்கொண்டான். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. குழாயும் சேர்ந்து நடுங்கியது. வெள்ளைக்கண்ணு ஒரு கையால் தன் கம்பளியை அவன் முதுகில் போர்த்திவிட்டார். ஒன்று இறுகியது. மற்றதும் இறுகியது. அதன் பிறகுதான் செண்பகத்தின் இணைப்பும் வெள்ளைக்கண்ணுவின் இணைப்பும் மெல்லப் பிடித்தன.

“தள்ளுங்க!”

குழாய் விரிசலுக்குள் நுழைந்தது. ஒரு கல்லில் முட்டி நின்றது. திருகினார்கள். இணைப்புகள் முறுக்கைத் தாங்கின. மறுபடி தள்ளினார்கள். திடீரென்று தடை விலகி, முனை வெட்டவெளியில் நீட்டிக்கொண்டது கைக்குத் தெரிந்தது. செண்பகம் பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த கால்மிதி பம்பைக் குழாயில் மாட்டி மிதிக்கத் தொடங்கினாள். மிதித்தாள், மிதித்தாள், தொடை கழன்றுவிடும்போல மிதித்தாள். ஓர் இணைப்பிலும் காற்றுக் கசியவில்லை. இடையிடையே பம்பைக் கழற்றிக் குழாயில் வாயை வைத்து “அண்ணே!” என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி மிதித்தாள். கண்ணீர் பம்பின் மேல் விழுந்தது. வெள்ளைக்கண்ணு அவளை நகர்த்திவிட்டுத் தான் மிதித்தார்.

எவ்வளவு நேரம் போனதோ! குழாய்க்குள் ஏதோ கரகரத்தது. ஓர் இருமல். பிறகு, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல், அந்தக் குரல்.

“ஏட்டி... செண்பகமா?”

“அண்ணே! நான்தான்னு எப்பிடித் தெரியும்?”

“உன் பட்டற எண்ணெ நாத்தம்... கொழா பூரா அடிக்குதே.”

சிக்கந்தர் சிரித்தான். சிரித்தபடியே சுவரில் சாய்ந்து மயங்கிப்போனான்.

வெள்ளைக்கண்ணு அவனை முதுகில் கட்டிக்கொண்டு வெளியே போனார். ஊர்க்காரர்கள் அவனைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு பேர் பம்பு மிதிக்க உள்ளே வந்தார்கள். செண்பகம் மட்டும் குழாயை விட்டு நகரவில்லை. அண்ணன் குரல் மங்கும்போதெல்லாம் அதட்டிப் பேசவைத்தாள். மறுநாள் தீயணைப்பு வீரர்கள் ஜாக்கியும் கம்பிக் கயிறும் கொண்டுவந்து பாறையை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். புழுதி மூடிய ஓர் உருவம் தவழ்ந்து வந்தது. குகை வாசலில் கூடியிருந்த ஊரே ஆர்ப்பரித்தது! அவனுக்குப் பின்னால், உள்ளறையிலிருந்து, பச்சை பூத்த மூன்று செப்புக் குடங்களும் வெளியே வந்தன. கதை பொய்யில்லை. தாசில்தாரும் தொல்லியல் ஆட்களும் குடங்களைச் சுற்றிக்கொண்டார்கள்.

பூவலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லா முகத்தையும் பார்த்தான்.

“சிக்கந்தர் எங்க?”

செண்பகம் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள், அவன் ஏற மறுத்ததைச் சொன்னாள். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சளிக்காய்ச்சல் என்று சேர்த்திருப்பதையும், காலையில் கண் விழித்து முதலில் கேட்டது பூவலிங்கத்தைத்தான் என்பதையும் சொன்னாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“எல்லாம் என்னாலதான்ணே. வளையத்தச் செய்யும்போது நம்மூரு வெயில மட்டுந்தான் நெனச்சேன். வேற எடம்னு ஒண்ணு இருக்கிறதே தோணல.”

பூவலிங்கம் அவள் முகத்தை நிமிர்த்தினான். புழுதி அப்பிய கையை அவள் தலையில் வைத்தான்.

“நான் புதையல மட்டுந்தான் நெனச்சேன். கூட ஒருத்தன் வாரானேன்னு தோணல.”

ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவர்களைக் கையமர்த்திவிட்டு, தங்கையின் தோளைப் பிடித்தபடி அவன் எழுந்தான். குடங்களைத் திறந்து பார்க்கலாம் வாருங்கள் என்று தாசில்தார் கூப்பிட்டார். “நீங்க பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு, அண்ணனும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் இறங்கத் தொடங்கினார்கள்.