சினமிண்டி என்று ஒருத்தி

இங்கிலாந்தில் ரோமானி நாடோடிகளின் குதிரைச் சந்தை தொடங்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது சினமிண்டி லியாண்டரின் வீட்டு வண்டி வாசலில் வந்து நின்றாள். அழுத முகம் அல்ல, சண்டைக்குத் தயாரான முகம்.

"மாமா, திருட்டுக் குதிரையோட பூர்வீகத்தையே கண்டுபிடிக்கிறீங்க. என் பேரோட பூர்வீகத்தைக் கண்டுபிடிங்க. எலையஸோட அம்மா எங்க கல்யாணத்தை நிறுத்திட்டாங்க. இந்தப் பேரு ரோமானிக் குடும்பம் எதிலயும் கிடையாதாம். நான் வழியில பொறுக்கின பிள்ளையாம்."

"உங்கப்பா என்ன சொல்றார்?"

"வாயைத் திறக்க மாட்டேங்கறார். பேரு வச்ச அம்மாவும் இப்ப இல்லை."

லியாண்டர் தன் மனைவியின் தம்பி நோவாவைப் பார்த்தார். அவனுக்கு எப்போதும் காலில் சக்கரம். மாலைக்குள், சந்தைக்காக ஆற்றங்கரையில் வந்து கூடியிருந்த வண்டிகள் அத்தனையும் சுற்றிவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பினான்.

"ஒருத்தருக்கும் தெரியலை அத்தான். சின்னஞ்சிறுசுங்க 'சினமி... என்னது?'ன்னு சிரிக்குதுங்க. பெரியவங்க 'தெரியாது'ன்னுட்டு அடுப்பைக் கிளறப் போயிடறாங்க."

"பெரியவங்க யாராவது பேரைத் திருப்பிச் சொல்லிக் கேட்டாங்களா?"

நோவா யோசித்தான். "இல்லையே."

"சரி, டெலைலா வீட்டு டீ குடிச்சு நாளாச்சு. வா."

எலையஸின் தாய் டெலைலா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே டீ ஊற்றினாள். பக்கத்து வண்டியிலிருந்து சுடச்சுட ஆப்பிள் பணியாரம் வந்தது. டெலைலா ஒன்றைக்கூடத் தொடாமல் தட்டை நோவாவிடம் தள்ளிவிட்டாள். ஹெரிஃபோர்டு ஆப்பிள் தோப்புகளில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதென்ன அலட்சியம் என்று நினைத்தபடி அவன் மூன்றாவதையும் விழுங்கினான்.

மறுநாள் காலை லியாண்டர் எல்லோரையும் அவள் அடுப்பருகே கூட்டினார்.

"டெலைலா, 'அந்தப் பேரு', 'அந்தக் கண்றாவி'ன்னு நேத்தெல்லாம் திட்டினே. பிடிக்காத பேரை ஜனங்க மென்னு துப்புவாங்க. நீ ஒரு தடவைகூடச் சொல்லலை. பெரியவங்களும் சொல்லலை. நம்ம ஜனம் யார் பேரைச் சொல்லாது?"

"செத்தவங்க பேரை," என்றான் நோவா. அவனே தன் அப்பாவின் பெயரைச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது.

"ஆப்பிளையும் நீ தொடறதில்லை. செத்தவங்களுக்குப் பிடிச்சதை விடறது சொந்த ரத்தம்தான். உங்கம்மா உயிரோட இருக்காங்க. நீ பெத்த மகளுங்க எல்லாம் இதோ நிக்குதுங்க. அப்ப, கூடப்பிறந்தவளா?"

டெலைலா அடுப்பையே பார்த்தாள். "தங்கச்சி. இந்தப் பொண்ணோட அம்மா இவளைப் பெத்தெடுக்க வலியில துடிச்சப்போ, மருத்துவச்சியைக் கூட்டிவர வெள்ளத்துல இறங்கினா. கரையேறலை. நம்ம வழக்கப்படி அவ வண்டியை எரிச்சோம், துணியை எரிச்சோம், பேரையும் அதோட விட்டோம். இவ அம்மா அந்தப் பேரைத் தூக்கிப் பிள்ளைக்கு வச்சுட்டா! யாராவது கூப்பிட்டாலே நெஞ்சு எரியுது. அதான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இவ பேரை மாத்திக்கட்டும், நாளைக்கே கல்யாணம்."

எலையஸ் கெஞ்சும் கண்ணோடு சினமிண்டியைப் பார்த்தான்.

"மாத்த மாட்டேன்," என்றாள் அவள். "அர்த்தம் தெரியாதப்பவே மாத்தலை. இப்ப தெரிஞ்சுபோச்சு. எனக்காக ஆத்துல இறங்கினவ பேரு இது. இதையும் எரிக்கணுமா? கல்யாணமே வேண்டாம் அத்தை."

விறுவிறுவென்று ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

"ஏய் பொண்ணே, நில்லு!" என்று டெலைலா கத்தினாள். அவள் நிற்கவில்லை. ஈரக் கரையில் கால் வைத்துவிட்டாள்.

"சினமிண்டி!"

அடுப்புக்கு அடுப்பு பேச்சு நின்றது. டெலைலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சினமிண்டி திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, தலை மட்டும் தாழவில்லை.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க அத்தை. வர்றேன்."