அழைப்பு வரும் மேசை

தன் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு ஷூக் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், திங்கட்கிழமை அலுப்பெல்லாம் அவளுக்குத் தலைக்கேறியது.

“ஹலோ... யாருங்க அது? அடியில என்ன தேடறீங்க?”

‘டங்’கென்று மேசையில் மண்டை இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே ஒருவன் வெளியே வந்தான். கையில் அவளுடைய தொலைபேசியின் ஒயர். கண்கள்... நாலு நாள் தூங்காதவனின் கண்கள். அந்தக் களைப்பிலும் அவற்றில் ஒரு சாந்தம் இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“ஃபோன் கம்பெனியிலேர்ந்து வரேங்க. இந்த ஆபீஸுக்கு முந்நூறு ஃபோனுக்குத்தான் லைசென்ஸ். அதுக்கு மேல ஒண்ணு வெச்சாலும் சிஸ்டம் ஏத்துக்காது. புது மாடிக்கு வேணும்னு, சும்மா கிடக்கறதை எல்லாம் எடுக்கறேன். இதுலேர்ந்து மூணு மாசமா ஒரு கால் கூடப் போகலை.”

“போகாது சார். வரும்! இது புகார் மேசை. ஒரு நாளைக்கு எண்பது பேர் கூப்பிட்டுத் திட்டறாங்க. நான் எதுக்கு யாரையும் கூப்பிடப் போறேன்?”

அவன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. போன அழைப்புகளை மட்டும் எண்ணியிருக்கிறான். வந்தவற்றை எண்ணவே இல்லை. அவளுடைய லைசென்ஸோ அதற்குள் புது மாடிக்கு ஏறிவிட்டது.

“ரெண்டு நாள் பொறுங்க... பார்க்கறேன்” என்றானே தவிர, தப்பு என்னுடையது என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவளும் கெஞ்சவில்லை. கெஞ்சுகிற ஜாதி இல்லை அவள்.

அவளுக்கு வரும் அழைப்புகளை நடைவழிச் சுவரிலிருந்த தொலைபேசிக்குத் திருப்பிவிட்டான். தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே, “சொல்லுங்க சார்... புரியுது மேடம்...” என்று நாள் முழுக்க. கால் கடுத்தது. செவ்வாய் மதியம் பின்னால் ஏதோ உரசுகிற சத்தம். திரும்பினால், நாற்காலியோடு அவன்.

“ரொம்பக் களைப்பா இருக்கா?”

மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் குரல்கள்... ஒன்றுகூட அவளிடம் இதைக் கேட்டதில்லை. கோபம் பாதி இறங்கிவிட்டது. காட்டிக்கொள்வாளா என்ன?

“நாற்காலி குடுத்தா கோபம் போயிடும்னு நெனப்போ?”

“போகாதுன்னு தெரியும். கால் வலியாவது போகட்டுமேன்னுதான்...”

சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். “மேசையில ஃபோன் இல்லாமலே ரெண்டு நாள் ஓடிடுச்சேம்மா. அந்த மேசை இனிமே வேணுமான்னு யோசிக்கறேன். இந்த மாசத்தோட...” என்று இழுத்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் வீட்டில் அவள் தலை நிமிர்ந்து நடப்பது இந்த வேலையால்தான். இது போனால் ஒவ்வொரு வேளையும் அண்ணியின் முகம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அந்த ஃபோன்காரனிடம் சொல்லலாமா? சீ... போயும் போயும் அவனிடமா? பேசாமல் வந்து இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை, அதற்கும் அலுத்துவிட்டதுபோல, தூறிக்கொண்டிருந்தது.

அந்த வழியாக வந்த அவன் நின்றான். பாதி காலியான இழுப்பறையைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் நேரே மேனேஜர் அறைக்குள் போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

“சார், தப்பு என்னுது. வந்த கால்களை நான் எண்ணலை. நாளைக்கு எண்பது கால் வர்ற புகார் மேசையோடது சேர்த்துப் பதினோரு மேசை ஃபோனை அநியாயமாப் புடுங்கிட்டேன். எழுதியே குடுத்துடறேன். அப்புறம்... உங்க மேசையில மூணு ஃபோன் இருக்கு. ரெண்டுல வந்ததும் இல்லை, போனதும் இல்லை. ஒண்ணோட லைசென்ஸை அந்த மேசைக்கு மாத்தட்டுமா?”

மேனேஜரின் குரல் இறங்கி வந்தது. “ஒரு நாளைக்கு எண்பது காலா வருது? அதையெல்லாம் என்னால எடுக்க முடியாதுப்பா. அந்த மேசை இருக்கட்டும்.”

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் தொலைபேசிக்கு உயிர் வந்தது. அவன் பையை மூடினான்.

“நாளையிலேர்ந்து வேற ஆள் வருவார். எழுதிக் குடுத்தேன் இல்லையா... கம்பெனியில என்னை இங்கேருந்து மாத்திட்டாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா வேணாம்னு தடுத்திருப்பீங்க.” அவன் பையின் வாரைப் பார்த்துக்கொண்டே பேசினான். “இன்னொண்ணும் சொல்லலை. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. செஞ்ச தப்பை ஒத்துக்காம அதைச் சொல்ல வாய் வரலைங்க...”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. துடைக்கவும் தோன்றவில்லை.

“எனக்கும்தான்” என்றாள். “ஆனா எங்க அண்ணன்கிட்ட நீங்கதான் வந்து பேசணும். எனக்குப் பேசிப் பேசி அலுத்துப் போச்சு.”