மானுக்கு மட்டும் விசாரணை

இரண்டு பிணங்கள்.

ஒன்று மான். மற்றது மனிதன்.

குதிரையை விட்டு இறங்கிய தர்ஸ்டன் நேராக மானிடம்தான் போனார். வார்ட்மோர் காட்டுக்கு அவர்தான் நீதிபதி. காலில் வாதம். வாயில் கோபம்.

"எத்தனை கிளைக் கொம்பு?"

"பத்து, பிரபு! அரசரோட மான்... இப்படி அநியாயமா..." ட்ரோகோவின் குரல் தழுதழுத்தது. காட்டுக் காவலன் அவன். ஆறடி உயரம், சிவந்த தாடி, கையில் ஈட்டி. பெற்ற தாய் செத்தபோது கூட அவன் இப்படித் தழுதழுத்ததில்லை என்று ஊரே சொல்லும்.

"அந்த மனுஷன் யாரு?"

"எய்ல்ரிக். கரி சுடறவன். இவன்தான் பிரபு மானை அடிச்சிருக்கான். அம்பு பட்ட மான் சும்மா இருக்குமா? பாஞ்சு வந்து கொம்பால நெஞ்சுல ஒரே குத்து! ரெண்டும் காலி!"

"ஆக, குற்றவாளி செத்தாச்சு."

"வசதியாப் போச்சு பிரபு!"

ஜூலை மாதக் காலை. ஈக்கள் இரண்டு பிணங்களையும் பேதம் பார்க்காமல் மொய்த்தன.

ஓக் மரங்களின் கீழே அக்கம்பக்கத்து நான்கு ஊர் ஆட்களும் வரிசையாக நின்றார்கள். காட்டில் மான் செத்தால் நான்கு ஊரும் வந்து சத்தியம் செய்ய வேண்டும். கொன்றவனைக் காட்டிக் கொடுக்காவிட்டால் நான்கு ஊருக்கும் தண்டனை. இப்போது எல்லோர் முகத்திலும் நிம்மதி. செத்தவனைக் காட்டிக் கொடுப்பதில் யாருக்கு என்ன சிரமம்?

ஒருத்தி மட்டும் தனியாக நின்றாள். முப்பது வயதிருக்கும். கை, முகம் எல்லாம் கரி.

"யார் அது?"

"அவன் பொண்டாட்டி. கோட்லிவா." ட்ரோகோ அவள் பக்கம் திரும்பினான். "ஏய்! அழேன்டி கொஞ்சம். செத்தது உன் புருஷன்!"

அவள் அழவில்லை.

"பிரபு, சட்டப்படி இவன் குடிசையும் கரிச்சூளையும் பறிமுதல். அப்புறம்..." ட்ரோகோ இடுப்புக் கத்தியை உருவினான். "மானை அடிச்சவனுக்கு ரெண்டு கண்ணும் போகணும். செத்துட்டான்கறதுக்காக விட்டுட முடியுமா? சட்டம் சட்டம்தான்!"

பிணத்தின் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

கூட்டத்தில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோட்லிவா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பிரபு... அவரு கண்ணை எடுக்கறதுக்கு முன்னாடி, மானோட கொம்பை ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்."

"வாயை மூடுடி!" ட்ரோகோ கத்தினான்.

அவன் கத்திய வேகம் தர்ஸ்டனுக்குப் பிடிக்கவில்லை. வாதக் காலை மடக்கி, முனகிக்கொண்டே குனிந்தார். கொம்பைத் தொட்டார்.

மெத்து மெத்தென்று இருந்தது!

கொம்பு முழுக்க வெல்வெட் போலத் தோல். உள்ளே ரத்தம் ஓடி, வளர்ந்து கொண்டிருந்த கொம்பு. இளங்குருத்து. நுனியை விரலால் அழுத்தினார். அமுங்கியது.

"ட்ரோகோ."

"பிரபு?"

"இந்தக் கொம்பு வெண்ணெயைக் கூடக் குத்தாது. இது மனுஷன் நெஞ்சைக் குத்துச்சா?"

ட்ரோகோ கத்தியை உறையில் செருகினான்.

"எத்தனை வருஷமா இந்தக் காட்டுல இருக்கே?"

"ப... பதினாலு வருஷம்..."

"பதினாலு ஜூலை மாசம் பார்த்தவனுக்கு இது தெரியாது?"

"அவசரத்துல கவனிக்கலை பிரபு! காலையில வந்து பார்த்தேன்... ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடந்துச்சு... அதான்..."

தர்ஸ்டன் பிணத்தின் சட்டையை விலக்கினார். காயம் ஒன்றுதான். அகலமான, சுத்தமான காயம். ஈட்டி! அவர் பார்வை மெல்ல ட்ரோகோவின் கைக்குப் போனது. ட்ரோகோ ஈட்டியை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

ஆனால் அது தர்ஸ்டனின் வேலை இல்லை. மனிதப் பிணம் ஷெரீபின் இலாகா. அவருடைய பிணம் மான்.

"மண்ணைப் பாருங்க" என்றார்.

மானைச் சுற்றி ஈரச் சேறு. சேற்றில் நாயின் காலடிகள். தர்ஸ்டன் முன்னங்கால் தடம் ஒன்றின் மேல் கைத்தடியை வைத்தார்.

"ஆஸ்மர்! நீ மில்லு வச்சிருக்கறவன்தானே? இங்க வா. உன் நாய்க்கு முன்னங்கால்ல எத்தனை விரல்?"

மில்காரன் ஆஸ்மர் முன்னால் வந்தான். "ஒண்ணு பிரபு. மூணை உளி வச்சு வெட்டியாச்சு. மானைத் துரத்தக் கூடாதுன்னு."

"உன் பக்கத்து வீட்டு நாய்க்கு?"

"அதுக்கும் ஒண்ணு. நாலு ஊர்லயும் எல்லா நாய்க்கும் ஒண்ணுதான்."

"வெட்டினது யாரு?"

"ட்ரோகோ அய்யாதான்... ரசிச்சு ரசிச்சு வெட்டுவாரு."

"இந்தத் தடத்துல எத்தனை விரல்?"

ஆஸ்மர் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் கண்ணில் ஏதோ மின்னியது.

"நாலு, பிரபு! முழுசா நாலு!"

அந்தக் காட்டில் முழுக் காலோடு திரிந்த ஒரே நாய் க்ரிம்தான். ட்ரோகோவின் வேட்டை நாய்.

"பொய்!" ட்ரோகோ அலறினான். "என் நாய் காடு பூரா சுத்தும்! அதனால நான் மானை அடிச்சேன்னு ஆயிடுமா?"

"ஆகாது" என்றார் தர்ஸ்டன். "யாராவது பார்த்திருந்தா ஆகும். பார்த்தவங்க இருக்காங்களா?"

பதினாறு பேர் நின்றிருந்தார்கள். பதினாறு பேரும் காலையில் அங்கே வந்து சேரும் வரை எதையும் பார்த்திராதவர்கள்.

ஆஸ்மர் முதலில் கையைத் தூக்கினான்.

"நான் பார்த்தேன் பிரபு. கையில வில்லோட."

"நானும்!"

"நானும் பார்த்தேன்! நாய் கூட ஓடுச்சு!"

பதினாறு கைகள்! பதினாலு வருட வஞ்சம் ஒரே நேரத்தில் மேலே எழுந்தது. தர்ஸ்டனுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தும், கூட வந்திருந்த எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். பதினாறு சத்தியம் என்பது பதினாறு சத்தியம்.

மானின் இறைச்சி சட்டப்படி தொழுநோயாளர் விடுதிக்குப் போனது. எய்ல்ரிக்கை அவன் மனைவி ஒரு கை வண்டியில் தள்ளிக்கொண்டு போனாள். யாரும் உதவிக்குப் போகவில்லை.

பத்தாம் நாள். கோட்டை முற்றத்தில் காட்டு நீதிமன்றம்.

ட்ரோகோ சங்கிலியில் நின்றான். பாதி தாடியைச் சிறைக் காவலர்கள் பிடுங்கியிருந்தார்கள்.

"கேளுங்க! ஒத்துக்கறேன்!" தொண்டை கிழியக் கத்தினான். "அந்தக் கரிக்காரனைக் கொன்னது நான்தான்! என் ஈட்டிதான்! ஆனா மானை நான் தொடல! சத்தியமாத் தொடல!"



தலைமை நீதிபதி வயதானவர். பக்கத்தில் இருந்த தர்ஸ்டனிடம் குனிந்து கேட்டார். "எந்தக் கரிக்காரன்?"

"மான் பக்கத்துல ஒருத்தன் செத்துக் கிடந்தானே..."

"அது நம்ம விசாரணை இல்லையே?"

"இல்லைங்க."

"அப்ப எழுத வேண்டாம்." எழுத்தரின் இறகுப் பேனாவை அவரே கையால் தடுத்தார். "ட்ரோகோ, அரசரோட மானை அடிச்சது ருசுவாயிடுச்சு. ரெண்டு கண்ணும்."

இரும்பைக் கரி நெருப்பில் வைத்திருந்தார்கள். நுனி ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது.

முதல் கண்.

கோட்டைச் சுவரிலிருந்த காக்கைகள் கூட்டமாகப் பறந்தன.

"மான் நானில்லை..." ட்ரோகோ குழறினான். "அய்யா... கரிக்காரன் நான்தான்... மான் நானில்லை... மான் நானில்லை..."

இரண்டாவது கண்.

நான்கு ஊர் ஆட்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. ஆஸ்மர் மடியிலிருந்து ரொட்டியை எடுத்து நிதானமாகக் கடித்தான்.

தர்ஸ்டனுக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் குதிரை கரிச்சூளைக்கு முன்னால் நின்றது.

கோட்லிவா சூளையின் மேல் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாய் நொண்டிக்கொண்டு வந்து குரைத்தது. அதன் முன்னங்கால் கணுவோடு இல்லை. துணி சுற்றியிருந்தது.

"மூணு விரல்தானே வெட்டணும்? பாதமே காணோம்?"

"ட்ரோகோதான் வெட்டினான் பிரபு. எங்க வீட்டுக்காரரு, 'ஏன்யா முழுசா வெட்டறே?'ன்னு கேட்டாரு. ஈட்டியால பதில் சொன்னான். இதோ, நீங்க நிக்கிற இடத்துலதான்."

தர்ஸ்டன் சட்டென்று இரண்டடி நகர்ந்தார்.

"இங்கேயா? அப்ப காட்டுக்குள்ள..."

"நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"முதல்ல ஷெரீப் ஆளுகிட்டதான் ஓடினேன் பிரபு. அன்னிக்கு மத்தியானமே. 'கரி சுடறவனா? இதுக்கெல்லாமா வருவாங்க? போய்ப் புதைச்சிரு'ன்னான். செத்தவர் பேரு என்னன்னு கூடக் கேக்கல."

"அதனால?"

"திரும்பி வர்ற வழியில யோசிச்சேன். கரிக்காரன் செத்தா யாரும் வர மாட்டாங்க. மான் செத்தா? நாலு ஊரு வரும். எழுத்தர் வருவாரு. நீங்க வருவீங்க, வாதக் காலோட!"



"மானை அடிச்சது..."

"நான்தான். எங்கப்பா படையில வில்லாளி. வெளிச்சம் இருக்கும்போதே அடிச்சேன். ஒரே அம்பு. அப்புறம் இவரைக் கொண்டுபோய்ப் பக்கத்துல படுக்க வச்சேன். மானோட குடலைக் கொஞ்சம் கீறி விட்டேன். அந்த வாசனைக்கு க்ரிம் தானா வந்துச்சு."

"கொம்பு குத்துச்சுன்னு ட்ரோகோ சொன்னது?"

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லை.

"அதுதான் பிரபு நானே எதிர்பார்க்காதது! தான் கொன்ன ஆளு, தான் கொல்லாத மான் பக்கத்துல கிடக்கறான். பாவம், அவனுக்குத் தலை சுத்தியிருக்கும். கையில கிடைச்ச பொய்யைப் பிடிச்சுக்கிட்டான். அவன் வாயை மூடிட்டு இருந்திருந்தா நான் தோத்திருப்பேன்."

தர்ஸ்டனின் கை வாளின் பிடிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"ஒரு கண்ணு போனதுக்கப்புறமும் 'மான் நானில்லை'ன்னான். ராத்திரி பூரா அந்தக் குரல்தான் காதுல கேட்டுச்சு. ஒரு கண்ணு போன பிறகு எவன் பொய் சொல்லுவான்? அதான் வந்தேன்."

"அவன் பொய் சொல்லலை பிரபு. சொன்னது பதினாறு பேரு. எழுதிக்கிட்டது நீங்க."

அவர் கை வாள் பிடியை விட்டது. அரசரின் காவலனைத் தப்பாகக் குருடாக்கிய நீதிபதிக்கு என்ன தண்டனை? சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதாத தண்டனைகளைத்தான் அவர் அதிகம் பார்த்திருந்தார்.

"மானை அடிச்சவங்களை விட்டா நான் நீதிபதியே இல்லை!" உறுமிப் பார்த்தார். அவர் காதுக்கே அது பலவீனமாகக் கேட்டது. "சட்டப்படி உன் ரெண்டு கண்ணும் போகணும், தெரியுமா?"

கோட்லிவா அடுத்த புல்கட்டியைத் தூக்கிச் சூளையின் மேல் வைத்துத் தட்டினாள். பிறகு கரி படிந்த முகத்தை அவருக்கு நேராக நிமிர்த்தினாள்.

"நியாயம்தான் பிரபு! ஆனா ஒரு மானுக்கு ரெண்டு கண்ணுதானே சட்டம்? அதைத்தான் நேத்தே எடுத்துட்டீங்களே!"