தோமின் மூக்குக்குள் புத்தாண்டு

குவேயின் வீட்டு வாசலில் அன்று ஒரு செருப்பு வைக்கக்கூட இடமில்லை. ஹனோய் நகரத்து டாக்டர்களில் பாதிப் பேர் அங்கேதான் ஷூக்களைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

வியட்நாமின் டெட் புத்தாண்டின் மூன்றாம் நாள் என்றால் சும்மாவா? அன்று எல்லோரும் தங்களுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் வீட்டுக்குப் போக வேண்டும். குவேயின் தாத்தா, பேராசிரியர் தியெப், டாக்டர்களுக்கே வாத்தியார். போர்க்காலத்தில் காட்டுக்குள் மூங்கில் கொட்டகை போட்டு, கதவுப் பலகையில் கரியால் எலும்பு எலும்பாக வரைந்து பாடம் நடத்தியவர். போன மழைக்காலத்தில் தாத்தா இறந்துவிட்டார். அதற்காக மாணவர்கள் வராமல் இருப்பார்களா? படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, உட்கார்ந்து ஒரே அரட்டை!

"நோயாளியோட பேரைக் கேக்காம தொட்டா பரீட்சையில முட்டை! அந்த முட்டையை ஐயா முதல்ல எனக்குத்தான் போட்டாரு," என்று பெருமையடித்தார் டாக்டர் ஹோவான். இன்று அவர் பெரிய இதய நிபுணர். தலை பளபளவென்று வழுக்கை.

"குளிர்ந்த கையால தொட்டாலும் முட்டைதான்," என்றார் எலும்பு டாக்டர் தாக்.

உடனே எல்லோரும் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக் காட்டிச் சிரித்தார்கள். தாத்தா அப்படித்தான் கையைச் சூடாக்கிக்கொண்டு நோயாளியைத் தொடுவார். குவேக்கு மனசு நிறைந்துபோனது. தாத்தாவின் கைகள் வீடு முழுக்க இருப்பதுபோல் இருந்தது.

தர்பூசணி விதைத் தட்டு அதற்குள் காலி. சிவப்புச் சாயமேற்றி வறுத்த விதை; கொறிக்க ஆரம்பித்தால் டாக்டராவது, பேராசிரியராவது! இன்னும் கொஞ்சம் எடுத்துவர குவே முற்றத்துக்கு வந்தாள். அங்கே, குட்டி ஆரஞ்சுச் செடித் தொட்டிக்குப் பின்னால் பக்கத்து வீட்டுத் தோம் குந்தியிருந்தான். வயது ஐந்து. தோம் என்றால் இறால். வீட்டில் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"குவே அக்கா, ஒரு ரகசியம். என் மூக்குல விதை இருக்கு."

"என்னது! எதுக்குடா போட்டே?"

"எவ்வளவு கொள்ளும்னு பாத்தேன்."

குவே அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே தூரத்தில் சிவப்பாக ஓர் ஓரம் தெரிந்தது. இப்படிப் போன விதை, மூச்சை உறிஞ்சினால் இன்னும் உள்ளே போகும். மூச்சுக்குழாயில் விழுந்தால் பெரிய ஆபத்து. டாக்டர் வீட்டில் வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"நான் அழலை. டெட்ல அழக்கூடாது," என்ற தோம், மூக்கை உறிஞ்சப் போனான்.

"உறிஞ்சாதே! வாயால மூச்சு விடு!"

சத்தம் கேட்டு ஓடிவந்தார் தோமின் அம்மா, லுவா அத்தை. விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, சீக்கிரம் டாக்டர்கிட்ட..."

"டாக்டரா? மூணாம் நாளா?" லுவா அத்தை பதறினார். புத்தாண்டில் பெருக்கினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று துடைப்பத்தையே ஒளித்து வைத்தவர் அவர். "இப்ப போனா வருஷம் பூரா ஆஸ்பத்திரியிலதான் குடியிருக்கணும்! நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளைக்கா? தோமின் மூக்கு இப்போதே சிணுங்குகிறது!

குவே சட்டென்று சொன்னாள். "டாக்டர்கிட்ட யாரு அத்தை போகச் சொன்னா? தாத்தா படத்தைக் கும்பிட்டுட்டுப் போங்க. நீங்க மட்டும்தான் இன்னும் வரலை. உள்ள இருக்கிறவங்க எல்லாம் சும்மா விருந்தாளிங்க."

லுவா அத்தை மகனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "சரி, கும்பிட மட்டும்தான்."

கும்பிட்டு நிமிர்வதற்குள் குவே கூடம் முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டாள்.

"டார்ச் எங்கே?"

"இடுக்கி கொண்டாங்க!"

"நகருய்யா, நான் பாக்கறேன்!"

"நீ எலும்பு டாக்டர். மூக்குல உனக்கென்ன வேலை?"

"நீ மட்டும்? மூக்குல இதயமா இருக்கு?"

எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு சூழ்ந்துவிட்டார்கள். தோம் மூக்கைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தான். உதடு பிதுங்கியது. அழுதால் உறிஞ்சுவான். உறிஞ்சினால் விதை உள்ளே!

"எல்லாருக்கும் முட்டை!" என்று கத்தினாள் குவே.

தேய்த்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"அவன் பேரை யாராவது கேட்டீங்களா?"

பெரிய பெரிய டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குவே மேஜைக்கு அடியில் குனிந்தாள். தாத்தா குழந்தைகளிடம் பேரைக் கேட்டபிறகு இன்னொன்றும் கேட்பார். அது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"தோம், யாரு பக்கத்துல இருந்தா உனக்குப் பயமில்லை?"

"அம்மா. அம்மாதான் எடுக்கணும்."

"நானா?" லுவா அத்தை அலறினார். "ஐயோ, எனக்கு மீன் செதில்தான் எடுக்கத் தெரியும்!"

"அம்மாவே எடுக்கலாம்," என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல். டாக்டர் மியென். குழந்தைகள் டாக்டர். மாணவர்களில் எல்லோருக்கும் இளையவள் என்பதால், பெரியவர்களுக்கு முன்னால் பேசக் கூச்சப்பட்டுச் செருப்புகளோடு நின்றிருந்தாள். "ஐயா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காரு."

"அதை இவ்வளவு நேரம் சொல்லாம என்னம்மா பண்ணினே? உள்ள வா!" என்றார் ஹோவான்.

மியென் தரையில் உட்கார்ந்தாள். "தோம், அம்மா உனக்கு ஒரு பெரிய முத்தம் தரப் போறாங்க, சரியா? அம்மா, விதை இல்லாத பக்கத்து மூக்கை விரலால அடைங்க. அவன் வாயோட வாய் வச்சு, ஒரே ஒரு தடவை, ஃபூன்னு ஊதுங்க."

தோம் வெளியே வந்து அம்மா மடியில் ஏறினான். லுவா அத்தை ஒரு பக்க மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு குனிந்தார்.

ஃபூ!

விதை பறந்தது. பறந்துபோய் டாக்டர் ஹோவானின் வழுக்கையில் 'டொக்' என்று அடித்துவிட்டுக் கீழே விழுந்தது.

கூடம் அதிரச் சிரிப்பு! டாக்டர் தாக் சிரித்ததில் தேநீர் புரையேறிவிட்டது. லுவா அத்தை மகனை இறுக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடியே முழங்கினார். "பாத்தீங்கல்ல? எந்த டாக்டரும் தொடலை! நான்தான் எடுத்தேன்! அதுவும் அதிர்ஷ்டச் சிவப்பு! இந்த வருஷம் எங்களுக்கு அமோகம்தான்!"

டாக்டர் ஹோவான் மெல்ல எழுந்து தாத்தாவின் படத்துக்கு முன் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, இன்னிக்கும் எனக்கு முட்டைதான்," என்றார்.

யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தார். தோம்!

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்தான்.

"தாத்தா, உங்க பேரென்ன?"

"ஹோவான்."

தோம் சூடான கையை எட்டி அவர் வழுக்கைமேல் வைத்தான். "வலிக்குதா, ஹோவான் தாத்தா?"