மாலைநிரல்

இதழினி செத்துப்போன செய்தி கோயம்புத்தூரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை. தோழிகளின் கைபேசிகளில், சித்தி வீட்டுச் சுவர்த்திரையில், கல்லூரிக் குழுப்படத்தில் என்று அவள் முகம் இருந்த இடமெல்லாம் சந்தன நிறச் சட்டம் விழுந்து, மல்லிகை மாலை ஏறியது.

அதுதான் மாலைநிரலின் வேலை. முதலில் அது படங்களுக்கு ஓரமும் நிழலும் பூச்சும் சேர்க்கிற சாதாரண நிரலாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வசதி வந்தது. இறந்தவரின் படத்தை இரத்த உறவு ஒருவர் தன் வீட்டுத் திரையில் தொட்டு மாலை போட்டால் போதும். உலகத்தில் அவருக்கு இருக்கும் அத்தனை படங்களிலும் மாலை ஏறிவிடும். சான்றிதழுக்கு அலைய வேண்டாம். முகத்தைப் பார்த்தே ஆளை அறிந்த வங்கியும் மருத்துவமனையும் அந்த மாலையையே நம்பின. மனிதர் எழுதிக்கொடுக்கும் காகிதத்தை நம்பும் வழக்கம் எப்போதோ போய்விட்டது. உயிரோடிருக்கும் பிள்ளையின் படத்துக்கு எந்த வீட்டில் மாலை போடுவார்கள்?

கார்முகிலன் போட்டார். அந்த நிரலை எழுதியவரும் அவர்தான். மனைவி போன பிறகு அவருக்கு இருந்தது ஒரே மகள். அவள் தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்ட அன்று, அவளைத் தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு வந்து, சுவர்த்திரையில் சிரித்துக்கொண்டிருந்த அவள் முகத்தைத் தொட்டார். அவருடைய பாட்டன் காலத்திலும் இதைச் செய்தவர்கள் உண்டு. அப்போது மாலை அந்த ஒரு சுவரோடு நின்றது. வறட்டுக் கௌரவம், வேறென்ன?

மகளும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. கணவனின் கைபேசியில் இரண்டு முறை அழைத்தாள், அவர் எடுக்கவில்லை. அதோடு விட்டுவிட்டாள். முகம் காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் கணவன் தன் முகத்தைக் காட்டினான். அப்படியே வருடங்கள் ஓடின.

பிறகு கார்முகிலனின் ஈரல் கெட்டது. நெருங்கிய உறவு ஒருவர் தன் ஈரலில் ஒரு துண்டு தந்தால் பிழைப்பார் என்றார்கள். மருத்துவமனையிலிருந்து செவிலி ஜெசிந்தா மருமகனைத் தேடிப்பிடித்துச் சொன்னாள். இதழினி உடனே கிளம்பி வந்தாள்.

வாசலில் இருந்த முகக்காவலி அவளைப் பார்த்தது. அதன் திரையில், மூச்சிரைக்க நின்ற அவள் முகத்தைச் சுற்றிச் சந்தனச் சட்டம் எழுந்தது. ஆழ்ந்த இரங்கல் என்று எழுதிக்காட்டியது. கதவு திறக்கவில்லை. ஜெசிந்தாதான் பக்கத்து வழியாகக் கைபிடித்துக் கூட்டிப்போனாள். ஆனால் அறுவை இயந்திரத்தை யாராலும் கைபிடித்து இயக்க முடியாது. கொடுப்பவரின் முகம் தேறாமல் அது கத்தியை எடுக்காது. மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொன்னார்.

இதழினி கட்டிலருகே உட்கார்ந்தாள். “அப்பா, நாந்தானுங்க. அந்த மாலையக் கழட்டிடுங்க. மத்ததெல்லாம் நா பாத்துக்கறேன்.”

அவர் பலகைத்திரை கேட்டார். தான் எழுதிய நிரலைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

“கழட்டறதுக்குக் கட்டளையே இல்ல கண்ணு. நா எழுதவே இல்ல.”

“ஏனுங்கப்பா?”

“செத்தவங்களுக்குப் போட்டத யாரு கழட்டப்போறாங்கன்னு நெனச்சேன்.”

அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் எழுத ஆரம்பித்தார். அவள் திரையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உடம்பு பொறுக்கவில்லை. கட்டளை பாதியில் நிற்க, அவர் கண்ணை மூடினார்.

கணவனோடு தனியாகக் காரியத்தை முடித்து அப்பா வீட்டுக்கு வந்த இதழினி, சுவர்த்திரையில் அப்பாவின் படத்தைத் தொட்டாள். மாலை போட அவருக்கு அவளைவிட்டால் வேறு இரத்த உறவு இல்லை. திரை அவள் முகத்தைப் பார்த்தது. இறந்தவரின் தொடுகை ஏற்கப்படாது என்றது.

எல்லோருடைய படங்களிலும் கார்முகிலன் மாலையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். வருடம் தவறாமல் நிரல் இதழினியின் நினைவுநாளை உறவுக்காரர்களுக்கு ஞாபகப்படுத்தியது. மகளைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக எப்படித்தான் இருக்கிறீர்களோ என்று அவருடைய சுவர்த்திரைக்கு ஆறுதல் வந்தது. அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். பதில் போட அவள் முகத்துக்கு அனுமதியில்லை.